தையலில் ஒரு கும்பிடு

வந்திருந்தவர்கள்:

விசாரணை அதிகாரி தில்லைநாயகி, ஓய்வுபெற்ற நீதிபதி.
வான்கரம் நிறுவனத்தின் சார்பில் பொறியாளர் நிரஞ்சன், சென்னை.
கயத்தாறு பறப்புப் பயிற்சி நிலையத்தின் மெக்கானிக் ஆவுடையப்பன்.
அதே நிலையத்தில் பயிற்சி பெற்ற விமானி ஜெபக்கனி.
மொக்கராசு, கம்பம், திராட்சைத் தோட்டத்துக் கூலி.

வராதவர்கள்:

வீரலட்சுமி, வயது இருபத்தாறு, எட்டு மாதக் கர்ப்பிணி, மேற்படி மொக்கராசுவின் மனைவி.
ரோஸ்லின், வயது நாற்பத்தொன்று, செவிலி.

இந்தப் பட்டியலை எழுதியவன் ஆவுடையப்பன். குமாஸ்தாவுக்குக் காய்ச்சல் என்பதால் அவனை எழுதச் சொன்னார்கள். வராதவர்களை எழுதும்படி யாரும் சொல்லவில்லை. கை அதுவாகவே எழுதிவிட்டது. தில்லைநாயகி படித்துப் பார்த்தார். அந்தப் பெயர்களைக் கோடு போட்டு அடித்துவிடுவார் என்று நினைத்தான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார்.

முதலில் பேசியது மொக்கராசுதான்.

“எனக்கு ஒண்ணு வெளங்கலைங்க. விமானத்துல ஓட்டுறதுக்கு ஆளே இல்லைங்குறாங்க. பெறகு இந்தம்மா கைதான் ஓட்டுச்சுங்குறாங்க. அன்னைக்கு இந்தம்மா எங்க இருந்துச்சு?”

“வீட்ல இருந்தேன். துணி துவைச்சுக்கிட்டு இருந்தேன்,” என்றாள் கனி.

நிரஞ்சன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். நல்ல பையன்தான். எல்லோரிடமும் மரியாதையாகப் பேசுவான். “அண்ணா, பத்து வருஷம் வண்டி ஓட்டின ஒருத்தரை எடுத்துக்கோங்க. மனசு வேற எதையோ நினைச்சுக்கிட்டிருக்கும், கை தானா கியர் மாத்தும். அந்தக் கைப் பழக்கத்தை மட்டும் தனியா எடுத்து விமானத்துக்குள்ள வெக்கிறோம். கைப்பதிவுன்னு பேரு. வழி கண்டுபிடிக்கிறது கம்ப்யூட்டர். ஓட்டுறது கை.”

“பழக்கத்த மட்டுமா?”

“பழக்கத்தை மட்டும்தான்.”

“கெட்ட பழக்கமும் வருமா தம்பி?”

நிரஞ்சன் தண்ணீர் குடித்தான்.

வருஷத்துக்கு ஒருமுறை ஒரு போட்டி நடக்கும். நெடும்பறப்பு என்று பெயர். லடாக்கின் லேயில் கிளம்பிக் கன்னியாகுமரியில் இறங்க வேண்டும். இருபத்து நான்கு மணி நேரம். நிஜ விமானத்தில் அல்ல. ஓர் அறைக்குள், நாற்காலியில், மூன்று திரைகளுக்கு முன்னால், பறப்புப்பொறி என்ற போலி விமானத்தில். நாடு முழுவதிலிருந்தும், அவரவர் நிலையத்தில் உட்கார்ந்தே ஓட்டுவார்கள். யாருடைய கை குறைவாக நடுங்கி, கவிழாமல் போய்ச் சேருகிறதோ அந்தக் கையைப் பதிவெடுத்து ஆம்புலன்ஸ் விமானங்களில் ஏற்றுவார்கள். போன வருஷம் கனியின் கை. அதற்கு முன் அவள் கோவில்பட்டியில் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தாள். இப்போது முந்நூற்றுப் பன்னிரண்டு விமானங்களில் அவள் கை இருந்தது. ஒன்று போக முந்நூற்றுப் பதினொன்று என்று சொல்ல வேண்டும். ஆனால் போனதற்குப் பதில் நிறுவனம் இன்னொன்றை வாங்கி நிறுத்தியிருந்தது. விபத்துக்குப் பிறகு எல்லாமே தரையில் கிடந்தன.

நடந்தது இவ்வளவுதான். கம்பத்திலிருந்து மதுரைக்குப் போன ஆம்புலன்ஸ் ஆண்டிபட்டிக் கணவாயில் நுழைந்தது. மேகம் இறங்கியிருந்ததால் தாழப் பறந்தது. இரண்டு பக்கமும் மலை, நடுவே வழி. அங்கே அது விசையை நிறுத்தி, மூக்கை மூன்று விநாடி கீழே சாய்த்தது. மூன்றாவது விநாடியில் பாறை.

“கீழ் இறங்கும் காத்து,” என்றான் நிரஞ்சன். “கணவாய்ல அது சகஜம். காத்துக்கு ஏத்த மாதிரி கை சாய்ச்சிருக்கு. கை மேல தப்பு இல்லை.”

“கைதான்,” என்றான் மொக்கராசு. “அன்னைக்கு எல கூட ஆடல.”

தில்லைநாயகி இருவரையும் கேட்டுவிட்டு முடிவைச் சொன்னார். பன்னிரண்டு நாள் கழித்துக் கனி அதே நெடும்பறப்பை முழுக்க ஓட்ட வேண்டும். நிறுவனம் குறைகள் திருத்திய புதுப் பறப்புநிரலைக் கொண்டுவந்து பறப்புப்பொறியில் ஏற்றும். பாதையின் கடைசியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வருகிறது. ஆண்டிபட்டி மாதிரியே இருக்கும். காற்றே இல்லாத வானிலையில் அங்கே கை சாய்ந்தால் குற்றம் கையில் இருக்கிறது. அந்தக் கைக்கு வாழ்நாள் தடை. விமானம், பறப்புப்பொறி, லாரி, ஸ்கூட்டர் எதுவும் ஓட்டக் கூடாது. சாயாவிட்டால் காற்று என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்.

“கணவாய மட்டும் ஓட்டிக் காட்டினாப் போதாதா?” என்று கேட்டாள் கனி.

“போதாது. ஓய்வா இருக்கிற கையை நீங்க அடக்கிடுவீங்க. இருபத்து மூணு மணி நேரம் ஓட்டின கையை அடக்க முடியாது.”

கனி தலையாட்டினாள். ஆவுடையப்பன் அவளைப் பார்க்கவில்லை.

காற்று இல்லை, கைதான் என்பது அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும்.

கயத்தாறு நிலையத்தின் பறப்புப்பொறி பழையது. பெரிய ஊர்களில் கழித்துக் கட்டியதை இங்கே அனுப்பியிருந்தார்கள். அதில் நாக்பூரில் மழை கீழிருந்து மேலே பெய்யும். நர்மதை ஆறு தரையை விட்டு நூறடி உயரத்தில் ஓடும். முப்பந்தலில் காற்றாலைகள் பின்பக்கமாகச் சுற்றும். ஆவுடையப்பன் பதினேழு வருஷமாக எழுதிப் போட்டான். ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வரும். அதனால் பயிற்சிக்கு வந்தவர்கள் தாங்களே ஒரு நோட்டு வைத்துக்கொண்டார்கள். எந்த ஊரில் என்ன கோளாறு, எப்படித் தப்பிப்பது என்று அதில் எழுதுவார்கள். ஒரு அணி போகும்போது அடுத்த அணிக்குக் கொடுத்துவிட்டுப் போகும். ஓட்டக் கற்பதற்கு முன்னால் எல்லோரும் அந்த நோட்டைத்தான் மனப்பாடம் செய்தார்கள்.

ஆரல்வாய்மொழிதான் மோசம். அங்கே இரண்டு வரைபடங்களை ஒட்டியிருந்தார்கள்; ஒட்டிய இடத்தில் காற்று என்பதே இல்லை. சும்மா நுழைந்தால் விமானம் தலைகீழாகப் புரண்டு, இருபத்து நான்கு மணி நேர உழைப்பு நாசமாகும். தையல் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். அதைத் தாண்ட வழி கண்டுபிடித்தவன் ஆவுடையப்பன். மலை இரண்டு பக்கமும் விலகி வழி தெரிந்ததும் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி, விசையை நிறுத்தி, மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தினால் விமானம் தையலுக்கு அடியில் நழுவி அந்தப் பக்கம் போய்விடும். தையல் வந்தால் ஒரு கும்பிடு போடு என்று நோட்டில் எழுதி அடிக்கோடிட்டதும் அவன்தான்.

கனி போட்டிக்கு முன் அந்தக் கும்பிடை நானூறு தடவைக்கு மேல் போட்டிருப்பாள். கைக்கு ஆரல்வாய்மொழியும் தெரியாது, ஆண்டிபட்டியும் தெரியாது. இரண்டு பக்கம் மலை, நடுவே வழி. அது கும்பிட்டுவிட்டது.

விபத்து நடந்த மறுநாள் ஆவுடையப்பன் அந்த நோட்டை எடுத்துப் போய், கோவில்பட்டியில் மச்சான் கடலைமிட்டாய் காய்ச்சும் அடுப்பில் போட்டான். கனியிடம் கேட்கவில்லை, போட்டுவிட்டு வந்து சொன்னான். அவள் அவன் சட்டையில் ஒட்டியிருந்த சாம்பலைத் தட்டிவிட்டாள். அப்போதே இரண்டு பேரும் ஒரு பக்கம் ஆகிவிட்டார்கள்.

“இப்ப என்ன செய்ய அண்ணாச்சி?” முதல் அமர்வு முடிந்த சாயங்காலம் கனி கேட்டாள்.

“மறக்கணும்.”

“எதுல மறக்க? நம்மகிட்ட இருக்கது இந்த ஓட்ட மிஷின்தான? இதுல கும்பிடு போடலன்னா கவுத்துல்லா போடும்?”

“கவுக்கட்டும். நீ கைய ஆட்டாத. கவுந்தா கவுந்துட்டுப் போ. பன்னெண்டு நாளு.”

“அது பொய்யில்லையா? கைதான் கொன்னுச்சு. கை இல்லன்னு காட்டப் போறோம்.”

அவன் அதற்குப் பதில் வைத்திருந்தான். நோட்டு எரியும்போதே யோசித்து வைத்த பதில். “இருவத்து நாலு மணி ஓட்டம்னாலே பதிவுதான். புதுசா ஓடும்போது புதுப் பதிவு எடுப்பாவ. நீ சுத்தமா ஓட்டிட்டேன்னா அந்தச் சுத்தமான கை விமானத்துல ஏறிரும். பழசத் தூக்கிக் கடாசிருவாவ. கும்பிடு உலகத்துலயே இருக்காது. யாருக்கு என்ன நட்டம்?”

“நெசமா?”

“பதினேழு வருசமா இந்த மிஷினப் பாக்கேன். பதிவு ஓடாத நெடும்பறப்ப நான் பாத்ததில்ல.”

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மறுநாள் ஆரம்பித்தார்கள். முழுப் பாதையையும் தினம் ஓட்ட முடியாது. மதுரையிலிருந்து கன்னியாகுமரி வரை, ஒரு நாளைக்கு ஐந்து தடவை. கயத்தாறு தாண்டும்போது சொந்த நிலையத்தின் கூரை திரையில் சிவப்பாகத் தெரியும். நிஜத்தில் அது ஆஸ்பெஸ்டாஸ். மலைகள் கண்ணில் பட்டதும் ஆவுடையப்பன் ஒரு எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, விசைப்பிடியில் இருக்கும் அவள் இடது கையின் மேல் வைப்பான். கை அசைந்தால் தண்ணீர் சிந்தும்.

முதல் நாள் ஐந்து தடவையும் அவள் தொடை நனைந்தது.

“நான் ஆட்டல அண்ணாச்சி. சத்தியமா ஆட்டல. மூணுன்னு மனசுல வந்ததும் அதுவா போவுது.”

“அப்ப எண்ணாத.”

“எண்ணாம எப்படி இருக்க? நீரு எண்ணாம இருந்து பாரும்.”

கோபம் வந்தால் அவனை நீர் என்பாள். இரண்டாம் நாள் பாட்டுப் பாடிப் பார்த்தாள். மூன்றாம் நாள் தன் லாரி நம்பரைப் பின்னாலிருந்து சொல்லிப் பார்த்தாள். தண்ணீர் சிந்திக்கொண்டே இருந்தது. நான்காம் நாள் மூன்றாவது ஓட்டத்தில் டம்ளர் அப்படியே நின்றது. விமானம் தையலில் புகுந்து புரண்டது. திரை மூன்றும் சிவப்பாகி, ‘பறப்பு முடிந்தது’ என்று எழுத்து வந்தது.

ஆவுடையப்பன் கை தட்டினான். அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான்.

“ஒரு நிமிசம் செகப்பாவே இருக்கட்டும்,” என்றாள். “அணைக்காதிய.”

அதற்குப் பிறகு சாவது பழகிவிட்டது. ஒரு நாளைக்கு ஐந்து சாவு. கை அசையாமல் வைத்திருந்து, எண்ணாமல் கண்ணைத் திறந்து வைத்திருந்து, புரண்டு, சிவப்புக்குள் உட்கார்ந்திருப்பாள். எட்டாம் நாள் அவள் சொன்னாள்: “அந்த வீரலட்சுமிப் பிள்ளைக்கு மூணு செகண்டு இருந்திருக்கு. மூக்கு சாயுறது வயித்துல தெரியும். ஏதோ இறங்குறதுக்குத்தான்னு நெனச்சிருக்கும். மதுரை வந்துட்டுன்னு நெனச்சிருக்கும்.”

“ஓட்டும்போது அதெல்லாம் எதுக்கு நெனைக்க?”

“நெனைச்சாத்தான் கை நிக்குது.”

பத்தாம் நாளிலிருந்து ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. கை செத்த கை மாதிரி கிடந்தது. அவ்வளவு சுத்தமான கையை அவன் அந்த நாற்காலியில் பார்த்ததில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை நிறுவனத்து லாரி வந்தது. பழைய பறப்புநிரலை அழித்துவிட்டுப் புதியதை அதே நாற்காலியில் ஏற்றினார்கள். பதினேழு வருஷத்துக் கோளாறும் அரை மணி நேரத்தில் போய்விட்டது. சாயங்காலம் நான்கு மணிக்குக் கனி லேயில் கிளம்பினாள். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே மற்றவர்கள் உட்கார்ந்தார்கள். உள்ளே பேசுவது வெளியே கேட்காது. மூன்று மணி நேரத்துக்கொருதரம் ஐந்து நிமிடம் விமானம் தானாகப் போகும். அந்த ஐந்து நிமிடம் மெக்கானிக் உள்ளே போய்ச் சாப்பாடும் தண்ணீரும் கொடுக்கலாம்.

ராத்திரியைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. இருட்டும் எண்களும்தான். நாக்பூரில் மழை மேலிருந்து கீழே பெய்தது.

மொக்கராசு படுக்கவே இல்லை. நிரஞ்சன் பெஞ்சில் தூங்கினான், தில்லைநாயகி நாற்காலியில் தூங்கினார், இவன் மட்டும் கண்ணாடிக்கு முகத்தைக் கொடுத்து உட்கார்ந்திருந்தான். காலையில் ஆவுடையப்பன் அவனுக்கு டீ வாங்கி வந்தான்.

“குடிங்க.”

“வேணாம்ணே.” வாங்கிக்கொண்டான். கையிலேயே வைத்திருந்தான். “விமானத்துல நர்ஸம்மா போக ஒரு ஆளுக்குத்தான் எடம். நீங்க பஸ்ஸுல வாங்க, நான் முன்னாடி போயி எடம் புடிச்சு வெக்கிறேன்னா வீரலட்சுமி. சிரிச்சுக்கிட்டே சொன்னா. வலியோட சிரிச்சா. பஸ்ஸு கணவாய் ஏறுறப்ப பொகையப் பாத்தேன். எவனோ மலைக்குத் தீ வச்சுட்டான்னு பக்கத்து சீட்டுக்காரருகிட்டச் சொன்னேன். பாத்துட்டு, தாண்டிப் போயிட்டேன்ணே. மதுரை போயி ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறேன், எடம் புடிச்சு வச்சிருக்காளான்னு.”

ஆவுடையப்பன் எழுந்து வெளியே போனான். போய் நின்றுவிட்டு வந்தான். அதற்கு மேல் அவனால் செய்ய முடிந்தது ஒன்றும் இல்லை.

நண்பகலில் நிரஞ்சன் உற்சாகமாக இருந்தான். கனி பெங்களூரைத் தாண்டியிருந்தாள். கை நூல் பிடித்த மாதிரி போய்க்கொண்டிருந்தது.

“அண்ணா, என்ன கை அண்ணா இது! எழுதி வெச்சுக்கோங்க. நாலு மணிக்குக் கையெழுத்து. நாளைக்குக் காலையில முந்நூத்திப் பன்னெண்டும் மேல போயிடும்.”

“புதுப் பதிவு ஏத்தவே ஒரு வாரம் ஆவுமே தம்பி.”

“எந்தப் புதுப் பதிவு?”

“இதுதான். இப்ப ஓடுதுல்லா.”

நிரஞ்சன் சிரித்தான். “இது பதிவு ஓட்டம் இல்லண்ணா. பரிசோதனை ஓட்டம். பதிவுப் பெட்டியை நாங்க லாரியிலயே ஏத்தலை. கை சரின்னா பதிவும் சரி. சட்டப்படி ரெண்டும் ஒண்ணு. புதுசா எடுத்தா, பழசு தப்புன்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா? போன வருஷப் பதிவே மறுபடி போகும். நாங்க அதுக்குத்தானே இவ்வளவு பாடுபடுறோம்.” அவன் நின்று பார்த்தான். “என்னண்ணா, முகம் ஒரு மாதிரி இருக்கு?”

“பசி,” என்றான் ஆவுடையப்பன்.

போன வருஷப் பதிவு. கும்பிடு உள்ள பதிவு. பன்னிரண்டு நாள் உட்கார்ந்து கனியின் கையிலிருந்து கழுவிய அழுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு பெட்டிகளுக்குள் அப்படியே இருந்தது. கனி ஜெயித்தால் அது நாளைக் காலை எல்லா மலைகளுக்கும் நடுவே பறக்கும்.

அவன் தில்லைநாயகியிடம் போனான். நிரஞ்சன் காதில் விழாத தூரத்தில் குனிந்து நின்றான்.

“அம்மா, காத்து இல்ல. கைதான்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “அதைப் பார்க்கத்தானே இருபது மணி நேரமா உக்காந்திருக்கோம். உங்ககிட்ட ஆதாரம் இருக்கா?”

“இருந்துச்சு.”

“இருக்கா?”

நோட்டு சாம்பல். பழைய பறப்புநிரல் நேற்றுக் காலையிலேயே அழிந்தது. மற்ற பயிற்சியாளர்களைக் கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள். அவர்கள் ஒவ்வொருவர் கையிலும் அதே கும்பிடு இருந்தது.

“இல்ல.”

“அப்ப போய் உக்காருங்க. மூணரைக்குக் கையே சொல்லும்.”

ஒரு மணிக்குக் கடைசி இடைவேளை. தயிர்ச்சாதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போகும்வரை, சொல்வதா வேண்டாமா என்று அவன் முடிவு செய்யவில்லை. சொல்லாமல் விட்டால் கனி பிழைப்பாள். அவனும் பிழைப்பான். கணவாய் எல்லா ஊரிலும் இல்லை. மேகம் எல்லா நாளும் இறங்குவதில்லை. அப்படி யோசித்தபடியேதான் கதவைத் தள்ளினான்.

கனியின் கண் சிவந்து வீங்கியிருந்தது. ஆனால் முகத்தில் சந்தோஷம். “அண்ணாச்சி, கை நிக்கும். எனக்குத் தெரியுது. அங்க போயும் நிக்கும்.”

அவன் சொல்லிவிட்டான். நின்றுகொண்டே, நான்கு வாக்கியத்தில் சொன்னான்.

அவள் ஒரு கவளம் எடுத்தவள் அதைத் திரும்பத் தூக்குச்சட்டியில் வைத்தாள்.

“எத்தனை விமானம்?”

“முந்நூத்திப் பன்னெண்டு.”

“எல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போற சனம்லா?”

“ஆமா.”

“நான் பாஸ் பண்ணினா நாளைக்கே ஏறும்.”

“ஏறும்.”

“பெயில் ஆனா?”

“அந்தக் கைப்பதிவ அழிச்சிருவாவ. எல்லாத்துலயும்.”

“என் கையையும்.”

அவள் அந்தக் கவளத்தை மறுபடி எடுத்துச் சாப்பிட்டாள். மென்று விழுங்க வெகுநேரம் ஆனது.

“நீங்க சொல்லாம இருந்திருக்கலாம் அண்ணாச்சி.”

“இருந்திருக்கலாம்.”

“பன்னெண்டு நாளு. அந்தச் சனியன மறக்கத்தான் அத்தனை தடவ செத்தேன். இப்பப் போயி போடுன்னா கை கேக்குமான்னே தெரியலயே.”

“நான் போடச் சொல்லல கனி.”

“பெறகு எதுக்கு வந்து சொன்னிய?”

ஐந்து நிமிடம் முடிந்து விளக்கு எரிந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு பிடிகளைப் பற்றினாள். “தூக்க எடுத்துட்டுப் போங்க,” என்றாள்.

மூன்று மணி இருபத்தெட்டு நிமிடத்துக்கு முப்பந்தலின் காற்றாலைகள் தெரிந்தன. சரியான பக்கமாகச் சுற்றின. எல்லோரும் எழுந்து கண்ணாடிக்கு அருகில் வந்தார்கள். தில்லைநாயகி பேனா மூடியைக் கழற்றினார். நிரஞ்சன் போனில் படம் எடுத்தான். வானம் தெளிவாக இருந்தது, காற்றின் எண் பூஜ்யம்.

மலை இரண்டு பக்கமும் விலகியது. நடுவே வழி.

ஆவுடையப்பன் எண்ணினான். எண்ணாமல் இருக்க அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஒன்று. இரண்டு. மூன்று.

கை அசையவில்லை. கல் மாதிரி இருந்தது. நிரஞ்சன் மூச்சை விட்டான்.

நான்கு.

அப்போது கனியின் இடது கை விசையை இழுத்தது. வலது கை மூக்கைச் சாய்த்தது. ஒழுங்காக, பாடத்தில் உள்ளபடி, மூன்று விநாடி. பிறகு நிமிர்த்தி, கணவாயைத் தாண்டி, கன்னியாகுமரியை நோக்கிப் போனாள்.

ஒரு எண் தாமதம். இருபத்து மூன்றரை மணி நேரம் ஓட்டிய கை தானாகச் செய்திருந்தால் மூன்றில் செய்திருக்கும். நான்காவது எண்ணில் செய்தது கை இல்லை, கனி. அந்த அறையில் அதைத் தெரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் ஆவுடையப்பன்தான். அவன் வாயை மூடிக்கொண்டான்.

நான்கு மணிக்கு அவள் இறங்கினாள். மிக நல்ல இறக்கம். யாரும் அதைப் பார்க்கவில்லை. தில்லைநாயகி எழுதிக்கொண்டிருந்தார், நிரஞ்சன் வெளியே போய் யாருக்கோ போனில் கத்திக்கொண்டிருந்தான்.

கனி நாற்காலியிலிருந்து எழ இரண்டு தடவை முயன்றாள். மூன்றாவது தடவை எழுந்து கதவருகே வந்தாள். வழியை மறித்து மொக்கராசு நின்றான்.

“மூணு எண்ணுறதுக்குள்ள,” என்றான். “அம்புட்டுதானாம்மா? கோவப்படல. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. அங்க காத்தும் இல்ல, மழையும் இல்ல. எதுக்குக் குனிஞ்ச?”

ஆவுடையப்பன் நடுவே வந்தான். “தம்பி, அது—”

கனி அவனைப் பார்த்தாள். அவன் நிறுத்தினான். போனை முடித்துவிட்டு நிரஞ்சன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். தையலைப் பற்றிச் சொன்னால் நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். நோட்டைச் சொன்னால் பன்னிரண்டு நாளைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால், கை சுத்தம், அவள் வேண்டுமென்றே சாய்த்தாள் என்று நிரஞ்சன் எழுதிக் கொடுப்பான். மறுபடி ஒரு பறப்பு வைப்பார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டும் மேலே போகும். இன்றைக்கு மட்டுமல்ல, என்றைக்குமே சொல்ல முடியாது.

“தெரியல,” என்றாள் கனி.

“தெரியாமயா? தெரியாமயே ரெண்டு உசுர... மூணு உசுரக் குடிச்சியா?”

“தெரியல.”

மொக்கராசு அவள் கைகளைப் பார்த்தான். நரம்பு புடைத்து, விரல்கள் இன்னும் பிடியைப் பற்றியிருப்பது போல மடங்கியிருந்தன.

“இந்தக் கை அழுகிப் போவணும்,” என்றான். கத்தவில்லை. நேரம் கேட்பது மாதிரி சொன்னான்.

“சரிண்ணே,” என்றாள்.

அவன் விலகி வழிவிட்டான். விலகியவன் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தான். இருபத்து நான்கு மணி நேரத்தில் அவன் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தது அப்போதுதான்.

தில்லைநாயகி தாளை நீட்டினார். ஜெபக்கனியின் கையில் குற்றம், வாழ்நாள் தடை, கைப்பதிவு அழிக்கப்பட வேண்டும். கனி வாங்கிப் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். விரல் நிமிராததால் எழுத்து கோணியது. அவர் அவளை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார். எதையோ கேட்க வாயெடுத்து, கேட்காமல் கோப்பைக் கட்டினார்.

“இனிமே இவங்க இந்த அறைக்குள்ள வரக் கூடாது,” என்றார் ஆவுடையப்பனிடம். “இவங்க வெளிய போனதும் பூட்டிடுங்க. நான் பார்க்கணும்.”

கனி செருப்பை மாட்டினாள். தூக்குச்சட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். “நார்த்தங்கா உப்பு ஜாஸ்தி அண்ணாச்சி. அண்ணிகிட்டச் சொல்லுங்க,” என்றாள். வாசற்படியைத் தாண்டினாள். வெளியே நல்ல வெயில். அவள் வந்த ஸ்கூட்டர் வேப்பமரத்தடியில் நின்றது. அதன் பக்கத்தில் போய் நின்று, இருக்கையைத் தொட்டாள். பிறகு அதைத் தொடக் கூடாது என்று நினைவு வந்தவள் போலக் கையை எடுத்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தாள்.

ஆவுடையப்பன் அவள் பின்னால் கதவைச் சாத்தி, பூட்டினான்.